இளவேனில் கேட்ட பகல் வேலை

திருவதிகையில் அம்மா வீட்டில் ஒரு வாரம் இருந்துவிட்டு வடக்குத்து திரும்பிய இளவேனில், வாசலிலேயே பையைப் போட்டுவிட்டு நின்றாள். ஆட்டுக் கொட்டகையில் கூரையே இல்லை. சுரங்கத்தில் நைட் ஷிப்ட் முடித்து வந்த கணவன் வளவன், படுக்காமல் தகடு தகடாகப் பிரித்துப் போட்டிருந்தான். வெயிலில் ஆடுகள் கத்தின.

“மாடி வூடு கட்டப்போறேன். கீழ ரெண்டு கடை. எல்லாம் மண்டையில ஓடிக்கினே இருக்கு!” அவன் கண்கள் பளபளத்தன.

“இந்த வாரம் உனக்குப் பகல்தான? நைட்டுக்கு ஏன் போன?”

“கூட வேல செய்ற பன்னீர்செல்வம் தங்கச்சிக்குக் கல்யாணம். அவனுக்குப் பதிலா நான் பாத்தேன். இதுல இன்னா கொறஞ்சிபோச்சி?”

அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இருமுனை மனநோய் என்று பாண்டிச்சேரி டாக்டர் சொல்லி இரண்டு வருடமாகிறது. மாத்திரையோடு, நேரத்துக்குத் தூங்கி நேரத்துக்கு எழுவதும் முக்கியம் என்று அவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். தூக்கம் கெட்டால் நோய் கிளம்பும். சில சமயம் நோய் கிளம்புவதால்தான் தூக்கமே கெடும். அப்போது வளவன் நன்றாகத் தலையாட்டினான். தலையாட்டுவதில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை.

பிறகு நடந்தது வழக்கமானதுதான். சில நாட்கள் கண்டவர்களிடமெல்லாம் கட்டாத கடைக்கு வாடகை பேசினான். டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். அதன்பின் சுவரைப் பார்த்துப் படுத்தவன் சோற்றுக்குக்கூட எழவில்லை.

“பொண்டாட்டி கரிச்சிக் கொட்டிக்கினே இருந்தா எவன் எழுந்திருப்பான்?” என்றாள் மாமியார் மாரியம்மாள்.

அவன் ஓரளவு தேறியதும், டாக்டர் சீட்டோடு, சுரங்கத்தில் அவனுக்கு ஷிப்ட் போடும் கான்ட்ராக்ட் சூப்பர்வைசர் சண்முகசுந்தரத்திடம் போனாள் இளவேனில்.

“ஷிப்ட் எல்லாருக்கும் மாறும்மா. ஆளாளுக்குச் சலுகை கொடுத்தா வேலை எப்படி நடக்கும்?”

“சலுகை கேக்கலிங்க. தூங்காத ஆள கரி ஏத்திக்கினு ஓடுற பெல்ட்டுகிட்ட நிக்க வச்சா இன்னா ஆவும்னு நீங்களே யோசிங்க.”

அவர் சீட்டை வாங்கி மேசையில் வைத்தார். நடையாய் நடந்த பிறகு, சுரங்க ஊழியர்கள் குடியிருக்கும் டவுன்ஷிப் பிளாக்குகளில் மரக்கிளை வெட்டி ஒழுங்குபடுத்தும் பகல் வேலை கிடைத்தது.

“மைன்ஸ்ல இருந்தவன தோட்டக்காரனா ஆக்கிட்டியே,” என்று வளவன் அவளோடு பேசாமல் கிடந்தான். ஆனாலும் வேலைக்குப் போனான். காலையில் அவனை எழுப்புவது அவளுக்குத் தினப்படி சண்டை. ராத்திரி கிரிக்கெட் நடக்கும்போது டிவியை அணைப்பது இன்னொரு சண்டை.

அப்படியும் அடுத்த கோடையில் ஒரு நாள் காலை அவனே அடுப்படிக்கு வந்தான்.

“ரெண்டு நாளா தூக்கமே வரல. ஒடம்பு மட்டும் குதிச்சிக்கினு இருக்கு. டாக்டராண்ட போலாமா?”

இளவேனில் அடுப்பை அணைத்தாள். இத்தனை வருடத்தில் அவன் தானாக வந்து சொன்னது இதுதான் முதல் தடவை.

“இத நேத்தே சொல்றதுக்கு இன்னா வந்திச்சி உனக்கு?” என்று எரிந்து விழுந்தபடியே, பஸ் ஸ்டாண்டுக்குப் போகப் புடவை மாற்றினாள்.