முதலில் கவனித்தவர்

எங்கள் ஆஸ்பத்திரி ஹார்மோன் பிரிவின் பதிவறை அக்காவுக்கு இருபது வருஷ சர்வீஸ்; அவர் வாய்க்கு அதைவிட அதிகம். பக்கத்து அறையில் ரத்தம் எடுக்கும் எனக்கு இரண்டும் அத்துப்படி.

மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி சுணங்கியவர்களின் கோப்புகளுக்கென்று பதிவறையில் தனி அலமாரி. ஒரே ஒரு ஹார்மோன் குறைந்தவர்கள் மேல்தட்டு, சிலது குறைந்தவர்கள் நடுத்தட்டு, மொத்தமும் குறைந்தவர்கள் கீழ்த்தட்டு. காரணத்துக்கு நாடா: பிறவிக் குறைக்கு வெள்ளை, கட்டிக்கு நீலம், தலைக்காயத்துக்குக் கறுப்பு. பிரசவத்தில் ரத்தம் கொட்டிச் சுரப்பி பட்டுப்போயிருந்தால் சிவப்பு. “ஆள் நடந்து வர்றதப் பார்த்தே தட்டு சொல்லிடுவேன்” என்று பீற்றிக்கொள்வார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும், அதுதான் எரிச்சல்.

அக்காவின் வீட்டோடு ஒரு நாத்தனார். எட்டு வருஷமாக எதற்கெடுத்தாலும் படுக்கை, வெயிலிலும் ஸ்வெட்டர். அக்கா வைத்த பெயர் தூங்குமூஞ்சி.

ஒரு நாள் அவள் தெருமுனை கிளினிக்கின் சீட்டோடு வந்து நின்றாள். தைராய்டு குறைவாம், மாத்திரை எழுதியிருந்தார்கள். பெரிய டாக்டரிடமும் ஒருமுறை காட்டலாமே என்று வந்திருந்தாள். அக்கா சலிப்போடு படிவத்தை எடுத்தார்.

“பிரசவத்துல ரத்தப்போக்கு?”

“நாலு பாட்டில் ஏத்துனாங்களே அண்ணி. நீங்கதானே கூட இருந்தீங்க.”

“தாய்ப்பால்?”

“சுரக்கவே இல்ல. நீங்கதானே பால்பவுடர் வாங்கிட்டு வந்தீங்க.”

“மாதவிடாய்?” அக்காவின் குரல் இறங்கியது.

“அதுக்கப்புறம் எட்டு வருஷமா வரவே இல்ல.”

அக்கா எழுந்துவிட்டார். “அந்த மாத்திரையப் போட்டுட்டியா?”

“நாளைக்குத்தான் ஆரம்பிக்கணும்.”

பிட்யூட்டரி பட்டுப்போய், உடம்பு தானே சுரக்கும் ஸ்டீராய்டும் குறைந்திருக்கிறவர்களுக்குத் தைராய்டு மாத்திரையை மட்டும் கொடுத்தால் ஆளே சாய்ந்துவிடலாம். அப்படி முடிந்துபோன இரண்டு கோப்புகளை அக்கா தன் கையாலேயே மூடியிருக்கிறார். நாத்தனாரின் மணிக்கட்டைப் பிடித்து டாக்டர் அறைக்கு இழுத்துக்கொண்டு ஓடினார்.

ரத்தம் நான்தான் எடுத்தேன். எல்லாமே குறைவு. டாக்டர் முதலில் ஸ்டீராய்டு கொடுத்தார், தைராய்டு மாத்திரையைப் பிறகு சேர்த்தார். மூன்றாம் வாரம் அவள் ஸ்வெட்டர் இல்லாமல் வந்தாள்.

அன்று அக்கா கோப்பை முடிக்க உட்கார்ந்தார். படிவத்தில் ஒரு கட்டம் பாக்கி: அறிகுறிகளை முதலில் கவனித்தவர்.

“அண்ணின்னு போடுங்க” என்றாள் நாத்தனார். குரலில் கிண்டல் இல்லை.

அக்கா அழுதார். இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, ‘யாரும் இல்லை’ என்று எழுதி, சிவப்பு நாடாவைக் கட்டினார்.