பிசிறு வெட்டிய பாய்

சென்னீர்குப்பத்தில் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைத்துக் கட்டுகிற அழகேசனுக்கு உலகத்தில் இரண்டே வகைப் பாய்கள்தான். அவர் கட்டியது, மற்றவர்கள் கட்டிக் கெடுத்தது. கட்டி முடித்ததும் விரலால் சுண்டிப் பார்ப்பார். மேளம் போல அதிர வேண்டும். அதிராவிட்டால் கட்டியவன் எதற்கும் லாயக்கில்லாதவன்.

ஆவடிப் பக்கம் ஏரியொன்றில் படகு மன்றம் இருக்கிறது. கிழிந்த படகுப் பாயைத் தைத்துக்கொடுக்கப் போனவர், அங்கிருந்த இரட்டை அடிப்பாகம் கொண்ட சின்னப் பந்தயப் படகில் ஒருநாள் ஏறிப் பார்த்தார். அத்தோடு ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு தங்குவது நின்றுபோனது. மனைவி சாவித்திரியின் தம்பி கோதண்டம் சுக்கான் பிடித்துப் படகைச் செலுத்துவான். அழகேசன் பெரிய பாயின் கயிற்றைப் பிடிப்பார். எப்போது இழுப்பது, எப்போது விடுவது என்று கோதண்டம்தான் பாயைப் பார்த்துப் பார்த்துச் சொல்வான். பையன் வாய் ஓயாமல் பேசுகிறான் என்பதற்கு மேல் அழகேசன் அதைப் பற்றி யோசித்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பந்தயம் வந்தது. அதில் முதலில் வரும் படகு கடல் போட்டிக்குப் போகும். கோதண்டம் அந்த ஒன்றுக்காகவே வேறு நினைப்பில்லாமல் திரிந்தான். அழகேசனோ கடலுக்குப் போய் வந்துவிட்ட மாதிரியே தெருவில் பேசிக்கொண்டிருந்தார்.

காற்று சோம்பலாக அடித்தது. படகு கிளம்பியதும் அழகேசன் கயிற்றை இழுத்தார். பாய் பலகையாக நின்றது. பக்கத்துப் படகில் திருமுல்லைவாயில் விஷாலும் நிவேதிதாவும் பாயை லேசாக உப்ப விட்டிருந்தார்கள்.

"அங்க பாரு மச்சான்! பாயா அது? கொடியில காயப்போட்ட பாவாட கணக்கா கீது!"

பாவாடை அவர்களைத் தாண்டிப் போனது.

"மாமே, கவுத்த கொஞ்சம் உடு. படகு நவுரவே மாட்டேங்குது."

"உட்டா தொங்கும்டா. தொங்குனா தொழிலுக்கே அசிங்கம்."

"இது இன்னா நெல்லு லோடா? இரு, நூலப் பாத்து சொல்றேன்..." அண்ணாந்த கோதண்டம் அப்படியே நின்றான். "மாமே, பாய் ஓரத்துல செவப்பு நூலு தொங்குமே, எங்க?"

"அந்தப் பிசிறா? காலைல வந்ததும் மொத வேலையா கத்திரி வெச்சு நறுக்கிட்டேன். எந்தக் கேனப்பய தச்சானோ!"

காற்று பாயை ஒட்டி ஓடினால் அந்த நூல்கள் நேராகப் பறக்கும். பாயை அதிகமாக இறுக்கினால் சுருண்டு பின்னால் மடங்கும். அதற்காகவே வைத்தவை அவை. இத்தனை மாதம் பாயை நிமிர்ந்து பார்க்காமலே பாய்க்காரராக இருந்த மகானுக்கு அது தெரியவில்லை.

"காத்து காட்டுற நூலு மாமே அது!" என்று கோதண்டம் எட்டி அவர் கையைத் தட்டினான். கயிறு ஒரு முழம் நழுவியது. பாய் உப்பியது. அடியில் தண்ணீர் சலசலத்தது. படகு விருட்டென்று பாய்ந்தது. விஷாலின் படகு கிட்டே வந்தது. கோதண்டத்துக்கு முகமெல்லாம் பல்.

"பாத்தியா, என் கைராசி!" என்றார் அழகேசன். கிடைத்த வேகம் நழுவிவிடக் கூடாதே என்று நழுவிய முழத்தையும் சேர்த்து இழுத்து இறுக்கினார்.

படகு கட்டிப்போட்ட எருமை போல நின்றது. அதற்குமேல் கோதண்டம் கத்தியதெல்லாம் ஏரிக்குத்தான் கேட்டது. கடைசியாகக் கரைக்கு வந்தார்கள். கடல் போட்டி விஷாலுக்குப் போயிற்று.

கோதண்டம் பாயை இறக்கிச் சுருட்டினான். அக்காள் புருஷனை அதற்குமேல் என்ன சொல்ல முடியும்? "மாமே, இனிமே நீ சுக்கான் புடி. கவுறு நான் பாத்துக்கறேன்" என்றான்.

அழகேசன் அங்கேயே கைப்பேசியை எடுத்தார்.

"சாவித்திரி, தோத்துட்டோம், அத்த உடு. உன் தம்பி டிரைவர் சீட்ட எனக்கே குடுத்துட்டான். இப்பத்தான் அவனுக்கு என் அருமை புரிஞ்சிகீது."