ஃபிளோரா அக்காவின் ‘போதும்’

இரும்புத் தட்டுகள் மாட்டிய கம்பியைத் தோளில் ஏந்தி உட்கார்ந்து எழும் பெண்ணின் எதிரே நின்று, ஃபிளோரா அவள் முழங்காலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். முழங்கால் லேசாக உள்பக்கம் சாய்ந்ததுமே குரல் வருகிறது.

“போதும்மா, எறக்கு.”

மயிலாடுதுறைப் பெண்கள் கபடி அணி ஒன்றின் உடற்பயிற்சியாளர் அவள். சம்பா அறுவடை முடிந்து ஊர் ஊராகப் போட்டிகள் தொடங்கிவிட்டால், பாரத்தைக் குறைக்கமாட்டாள். தூக்கும் தடவைகளைக் குறைத்துவிடுவாள். “மழைக்காலம் பூரா சேத்து வச்ச பலம்டி. அது கரையாம பாத்துக்கிட்டா போதும். ஆட்டத்துக்கு முன்னாடி இங்கயே கொட்டிட்டுப் போவாதீங்க.”

வணக்கம் சொன்னால் பதில் வராது. “ராத்திரி தூங்குனியா?” என்றுதான் கேட்பாள். பயிற்சி முடிந்ததும் அவித்த முட்டையை அவளே உரித்துக் கையில் கொடுப்பாள். மாதா கோயிலில் மண்டியிட்டு எழுபவர்களின் முழங்காலையும் அவள் விடுவதில்லை என்று பெண்கள் சிரிப்பார்கள்.

இந்த மாசியில் பூம்புகாரில் இறுதியாட்டம். எதிரணிக் களத்துக்குள் பாடிப்போவதில் வானதியை மிஞ்ச அணியில் ஆளில்லை. ஷூ நாடா கட்ட உட்கார்ந்தவள், பின்தொடையை ஒருமுறை பிடித்துவிட்டுச் சட்டென்று சிரித்தாள். அதைக் கவனித்த ஃபிளோரா அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டாள்.

“வலிக்கலக்கா, சத்தியமா.”

“வலிக்காது, இழுக்கும். இன்னிக்கு ஓடுனா சதை கிழிஞ்சிரும்.”

“விளையாட்டுக் கோட்டாவுல வேலைக்கு ஆள் எடுக்கறவங்க வந்திருக்காங்கக்கா! அப்பா வயல விட்டுட்டு வந்து உக்காந்திருக்காரு.”

“தெரியும்டி.”  ஃபிளோரா முடிவை மாற்றவில்லை.

அணி தோற்றது. இன்னொரு வாய்ப்பு வருமா என்பது ஃபிளோராவுக்கும் தெரியாது. வானதி பயிற்சிக்கு வந்தாள். “தூங்குனியா?” என்றால் தரையைப் பார்த்தாள். முட்டையை மட்டும், முகம் பாராமல் வாங்கிக்கொண்டாள். கால் தேறத் தேற, ஃபிளோரா கம்பியில் ஒவ்வொரு தட்டாக மாட்டிவிட்டாள்.

பங்குனியில் தஞ்சாவூர் போட்டிக்கு வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் மறுபடியும் வந்தார்கள். மூன்று பேர் இடுப்பைப் பிடித்துத் தொங்க, வானதி அவர்களையும் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டைத் தொட்டாள். ஆட்டம் முடிந்ததும் அவளைத்தான் முதலில் கூப்பிட்டுப் பேசினார்கள். வேலை உறுதி என்றார்கள். வானதியின் அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கூட்டம் விசிலடித்தபடி சூழ்ந்தது. அதை விலக்கிக்கொண்டு வந்த ஃபிளோரா, வாழ்த்துக்கூடச் சொல்லாமல் மண்ணில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வானதியின் பின்தொடையை அழுத்திப் பார்த்தாள்.

“இழுக்குதா?”

வானதி, விழாமலிருக்க ஃபிளோராவின் தோளைப் பிடித்துக்கொண்டு, அந்தக் காலை இன்னும் கொஞ்சம் தூக்கிக் கொடுத்தாள்.