போடாமல் விட்ட வாஷர்

ஒயர் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் சூடேறியதும் ஈயமும் ரெசினும் சேர்ந்து ஒரு புகை கிளம்பும். மூக்கில் ஏறினால் லேசாக இருமல் வரும்... அந்த வாசனை வந்தால் எனக்கு இன்றைக்கும் சனிக்கிழமை மதியம்தான்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில், மாடியில் ஒரு சின்ன அறை. மைக்செட் சர்வீஸ் கடை. என் முதல் வேலை அங்கேதான். முதலாளி பாதி நாள் ஊரில் இருக்க மாட்டார். பழனியில் விசேஷம், சிறுமலையில் கல்யாணம் என்று குழாய் ஸ்பீக்கர்களை வேனில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். நானும் எரிந்துபோன ஆம்ப்ளிஃபயர்களும் மட்டும்தான்.

அத்தாவின் தோல் வியாபாரத்துக்கு வர மாட்டேன் என்று வீம்பாகப் போய்ச் சேர்ந்த வேலை அது. அதனால் வீட்டிலும் பேச்சு குறைவு. காலையில் டீக்கடையில் "ஒரு டீ" என்று சொன்னால், அதற்கப்புறம் சாயங்காலம் வரை வாய் திறக்க வேலை இருக்காது. மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

அப்போதுதான் ஆரோக்கியம் வந்தான். தாடிக்கொம்புப் பக்கத்துக் கிராமத்தில் ஸ்கூல் வாத்தியார். அந்த ஊர் சர்ச் பாட்டுக் குழுவில் எலக்ட்ரிக் கிடார் வாசிப்பவன். தோளில் ஒரு பழைய சிவப்பு கிடார்.

"பாய், ஒயர அசைச்சா கரகரங்குது. செத்த நேரம் பாக்குறீங்களா?"

அதுவரை நான் கிடாரைத் தொட்டதே இல்லை. திறந்து பார்த்தால் ரேடியோவை விடச் சுலபம். ஒயர் செருகும் ஜாக்கின் நட்டு லூஸ். செருகும்போதெல்லாம் ஜாக்கே சுற்றுகிறது, உள்ளே ஒயர் முறுக்கி, சால்டர் விட்டுப்போகிறது. அவ்வளவுதான். திரும்ப சால்டர் வைத்தேன். கம்பி உயரத்தையும் கொஞ்சம் இறக்கிக் கொடுத்தேன்.

டெஸ்ட் செய்கிறேன் என்று ஒரு ஸ்பீக்கர் பெட்டியின் மேல் உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தான். ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. கீழே போய் டீயும் வடையும் வாங்கி வந்தான். அவன் ஹெட்மாஸ்டர் கதை, என் முதலாளி கதை... அன்றைக்கு எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது, பேசிப் பேசியே.

இரண்டு வாரத்தில் நட்டு திரும்பக் கழன்றது. திரும்ப வந்தான். இந்த முறை 'பாய்' போய் 'மாப்ள' ஆகியிருந்தது.

இப்போது ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

அந்த நட்டுக்கு அடியில் பல் வைத்த ஒரு சின்ன வாஷர் போட்டால் போதும், சுற்றவே சுற்றாது. அந்த வாஷர் என் டிராயரில் ஒரு டப்பா நிறைய இருந்தது. நான் போடவில்லை. ஒவ்வொரு முறையும் சால்டரைச் சுத்தமாக வைப்பேன். நட்டை மட்டும் கை விரலால் திருகி விட்டுவிடுவேன். பூட்டுக்குப் பேர் போன ஊரில் ஒரு நட்டை வேண்டுமென்றே லூஸாக விட்டவன் நான்.

போட்டுவிட்டால் அவன் எதற்கு வருவான்?

ஒரு வருஷம் இப்படியே ஓடியது. சனிக்கிழமை மாடிப்படியில் அவன் செருப்புச் சத்தம் கேட்டால், அயர்னை பிளக்கில் சொருகிவிடுவேன்.

அவன் ஊர் சர்ச் திருவிழாவுக்கு என்னையும் அழைத்திருந்தான். காலைப் பூசை. கடைசி வரிசையில் போய் நின்றேன். மூன்று மாதமாகப் பழகிய பாட்டு, நடுவில் அவன் மட்டும் தனியாக வாசிக்கிற இடம் ஒன்று உண்டு. என் கடையில்தான் அதைப் பழகினான், எனக்கே மனப்பாடம்.

அந்த இடம் வந்தது. இரண்டு ஸ்வரம்... அப்புறம் 'கர்' என்று ஒரு சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை.

ஒயரை அசைத்தான். திருகினான். கூட்டம் திரும்பிப் பார்த்தது. கீபோர்டு வாசிக்கிறவர் சமாளித்துப் பாட்டை முடித்துவிட்டார். ஆரோக்கியம் தலை நிமிரவில்லை.

வெளியே வந்ததும் பாட்டுக் குழுப் பெரியவர் ஒருவர், "எவன்டா இத ரிப்பேர் பாத்தது?" என்றார்.

ஆரோக்கியம் சொன்னான். "பாய் வேல சுத்தம் மாமா. அவர ஒண்ணும் சொல்லாதீங்க. கிடார்தேன் பழசு."

அங்கேயே சொல்லியிருக்கலாம். நான்தான் காரணம் என்று ஒரு வார்த்தை. வரவில்லை.

அதற்கப்புறம் அந்த சர்ச்சில் கீபோர்டு மட்டும் போதும் என்று முடிவாகிவிட்டது. அடுத்த சனிக்கிழமை கிடாரோடு வந்தான். ஒட்டன்சத்திரத்தில் ஒருத்தருக்கு விற்க விலை பேசிவிட்டானாம். "கடைசியா ஒருக்க பாத்துக் குடுத்துரு மாப்ள. வாங்குறவருக்காச்சும் நல்லா இருக்கட்டும்."

டிராயரைத் திறந்தேன். வாஷரைப் போட்டேன். ஸ்பேனரால் இறுக்கினேன். இரண்டு நிமிஷ வேலை.

அவன் அன்றைக்கு டெஸ்ட் வாசிக்கவில்லை. டீ மட்டும் குடித்தான். "வாரேன் மாப்ள" என்று படியிறங்கினான். அப்புறம் அவனுக்கு மாடி ஏறி வர ஒரு காரணம் இல்லாமல் போய்விட்டது. டிரான்ஸ்ஃபரில் வெளியூர் போய்விட்டான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இப்போது நான் வீட்டிலேயே கிடார் சர்வீஸ் மட்டும் பார்க்கிறேன். கூரியரில் வரும், கூரியரில் போகும். ஆளையே பார்ப்பதில்லை. 'ரிசீவ்டு' என்று ஒரு மெசேஜ், ஒரு கட்டைவிரல் படம், முடிந்தது. எந்த கிடார் வந்தாலும், என்ன கோளாறு என்று பார்ப்பதற்கு முன்னால் ஜாக்கைக் கழற்றி அந்த வாஷரைப் போட்டுவிடுவேன். என் கை பட்ட கிடார் திரும்பி வராது என்று ஒரு பேர் இருக்கிறது. பாராட்டாகத்தான் சொல்கிறார்கள்.

போன வாரம் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் மெசேஜ் போட்டிருந்தார். "அண்ணா, நீங்க செஞ்சு ஒரு வருஷம் ஆச்சு. இதுவர ஒரு பிரச்சினையும் இல்ல."

நன்றி என்று டைப் செய்தேன். அதோடு சேர்த்து, 'இந்தப் பக்கம் வந்தா சும்மா ஒரு தடவ கொண்டு வாங்க, செக் பண்ணிரலாம்... டீ சாப்பிட்டுட்டுப் போகலாம்' என்றும் எழுதினேன்.

அதை மட்டும் அழித்துவிட்டு அனுப்பினேன்.