தீர்த்தம் குடித்த பேட்டரிகள்

என் வீட்டுக்காரர் செய்த காரியங்களைப் பார்த்து ஊர் சிரித்தது பல தடவை. அதில் ஒன்றே ஒன்றுக்கு மட்டும் ஊர் என்னைப் பார்த்துச் சிரித்தது. என் சித்தியின் ஊரான வேம்பாரில் இன்றைக்கும் என்னைத் தெரிந்தவர்கள் நாலு பேர் கூடினால் அந்தக் கதை வந்துவிடும். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு, உள்ளே கூசிப்போய் உட்கார்ந்திருப்பேன்.

தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் இருந்த ஒர்க்‌ஷாப்பில் அவர் லாரிகளுக்கு வயரிங் பார்த்தார். எழுபதுகளில் புதுத் துறைமுகத்துக்கு வந்துபோன லாரிகளுக்குக் கணக்கே கிடையாது. அதில் கழித்துப்போட்ட பேட்டரிகளை ஒவ்வொன்றாகச் சைக்கிள் கேரியரில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவருவார். மற்ற வீட்டு ஆண்கள் மீனோ பழமோ கொண்டுவருவார்கள். இவர் கொண்டுவருவதைத் தொட்டால் கை எரியும்.

கேட்டால், "கரண்ட் கட்டுக்கு நான் ஒரு வழி பண்ணுதேன், பாரு" என்பார். அப்போது பொழுது சாய்ந்தால் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. தெரு முழுக்க அரிக்கேன் விளக்குதான். யாருக்கும் அது பெரிய குறையாகப் படவில்லை, இவர் ஒருவருக்குத்தான் பொறுக்கவில்லை.

வீட்டுக்கு மேற்கே, கொல்லையில், கடல்கல்லை அடுக்கிச் சுவர் வைத்து, பனையோலை வேய்ந்து ஒரு கொட்டகை போட்டார். உடைத்த தோணியின் பலகைகளை வாங்கித் தார் பூசி உள்ளே தட்டு அடித்தார். பேட்டரிகளைத் துடைத்து, மூடிகளில் ஓட்டை சுத்தம் பண்ணி, சிலுவைப்பாதைப் படங்களை மாட்டுகிற கவனத்தோடு வரிசையாக வைத்தார். கொட்டகை ஓரத்தில் ஒரு கம்பம் நட்டு, உச்சியில் லாரி டைனமோவையும் மரத்தில் செதுக்கிய இறக்கைகளையும் சைக்கிள் செயினால் கோர்த்துவிட்டார். ஆனி ஆடியில் எங்கள் ஊரில் கச்சான் காற்று மேற்கேயிருந்து மண்ணை வாரிக்கொண்டு வரும். அந்தக் காற்றில் இறக்கை சுற்றும், பேட்டரி சார்ஜ் ஏறும். தெருவில் எங்களுக்குக் காற்றாடி வீடு என்று பெயர் வைத்தார்கள். எனக்கு வெளியே தலைகாட்டவே கூச்சமாக இருந்தது.

அவருக்கு ஒரு கூச்சமும் இல்லை. "அமெரிக்காவுல ஏதோ தகட வச்சி வெயில்லயிருந்தே கரண்ட் எடுக்கானாம், பேப்பர்ல போட்டிருக்கான். நம்ம ஊர்ல வெயிலுக்கா பஞ்சம்? உப்பளத்துக்காரன் வெயில்ல உப்பு எடுக்கான், நான் கரண்ட் எடுப்பேன். அந்தத் தகடு மட்டும் கையில கெடைக்கட்டும்" என்று ஒர்க்‌ஷாப் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். வெயில் தகடு கடைசிவரை கிடைக்கவில்லை. காற்று மட்டும் கிடைத்தது.

ஆனால் விளக்கு எரிந்தது. அதை நான் மறைக்கக் கூடாது. கரண்ட் போனதும் முன்னறையில் லாரியின் பல்பு பளிச்சென்று எரிய, தெருப் பிள்ளைகள் வாசலில் வந்து நின்றதைப் பார்த்தபோது எனக்கும் கொஞ்சம் தலைக்கேறிவிட்டது.

அந்த மிதப்பில்தான் என் நாத்தனாரைப் பெண் பார்க்கிற நேரத்தைச் சாயங்காலமாக வைத்தோம். நாத்தனார் என்றால் அவருடைய தங்கை. தங்கமான பெண், நல்ல தையல்காரி. வந்த இடங்கள் எல்லாம் ஏதோ ஒன்றைச் சொல்லித் தட்டிப்போய், வயது ஏறிக்கொண்டிருந்தது. மாமி, அதாவது என் மாமியார், மகளுக்காக நேராத நேர்ச்சை இல்லை. கடைசியில் இடத்தைக் கொண்டுவந்தவள் நான். மாப்பிள்ளை வேம்பாரில் என் சித்தி மகன், எனக்கு அண்ணன் முறை. கப்பலில் வேலை. லீவு முடிந்து கப்பல் ஏறுவதற்குள் நிச்சயம் பண்ண வேண்டும் என்று சித்தி சொல்லியிருந்தாள். ஆக, பெண் பார்க்க வருகிறவர்களும் என் ஆட்கள், பெண்ணும் என் வீட்டுப் பெண். எது நடந்தாலும் என் தலையில்தான் விடியும்.

அன்று மத்தியானம் நான் அடுக்களையில் முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தேன். மாமி கையில் ஒரு பாட்டிலோடு கொல்லைக்குப் போனார். மாதா கோயிலிலிருந்து கொண்டுவந்து பீடத்தில் வைத்திருக்கும் தீர்த்தப் பாட்டில் அது. புதுத் தோணியை இறக்கினாலும், புது வலை கட்டினாலும், கிணறு வெட்டினாலும் எங்கள் சனம் தீர்த்தம் தெளிக்காமல் இருக்காது. கொட்டகை போட்டபோதே பங்குச் சாமியாரைக் கூப்பிட்டு மந்திரிக்கச் சொல்லி மாமி கேட்டார். மகன், "பேட்டரிக்கெல்லாமாம்மா மந்திரிப்பாவ?" என்று சிரித்துவிட்டார். நல்ல காரியம் நடக்கிற நாளில் மாமியே தெளித்துவிட்டு வரட்டும் என்று நான் முறுக்கைத் திருப்பிப் போட்டேன்.

மாமி தெளிக்கவில்லை, ஊற்றினார். ஞாயிற்றுக்கிழமைதோறும் மகன் மூடிகளைத் திறந்து ஒவ்வொரு ஓட்டையிலும் தண்ணீர் விடுவதைப் பார்த்திருக்கிறார். அதே மாதிரி ஒன்று விடாமல் எல்லாவற்றுக்கும் சமமாகப் பங்கு வைத்து ஊற்றி, கொட்டகை வாசலில் ஒரு குருத்தோலைச் சிலுவையையும் செருகிவிட்டு வந்தார். எங்கள் கோயில் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் கரிக்கும். தீர்த்தம் மந்திரிக்கும்போது சாமியார் அதில் உப்பும் போடுவார். பேட்டரிக்கு உப்பு ஆகாது என்பது மாமிக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியாது.

சாயங்கால பஸ்ஸில் சித்தியும், மாப்பிள்ளையின் பெரியப்பாவும், இன்னும் இரண்டு பெண்களும் வந்தார்கள். பெரியப்பா மோட்டார் லாஞ்சில் டிரைவராக இருந்தவர். உட்கார்ந்து தண்ணீர் குடிப்பதற்குள் கரண்ட் போனது. இவர் எழுந்து சுவிட்சைத் தட்டினார். பளிச்சென்று வெளிச்சம். "ஏயப்பா!" என்றார் பெரியப்பா. மாமியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. எனக்கும் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு நடக்கத் தோன்றியது.

அப்போது பின்னறையில் நாத்தனார் இருமினாள்.

பெண்ணைக் கூப்பிடும்வரை பின்னறையில்தான் இருக்க வேண்டும். அந்த அறையின் ஜன்னல் கொல்லையைப் பார்த்தது; சாயங்காலம் கிளம்பிய கச்சான் காற்று நேரே அதற்குள் வீசியது. ஒரு இருமல், பிறகு தொடர்ச்சியாக, மூச்சு விடாமல் இருமினாள். முன்னறையில் எல்லோரும் பேச்சை நிறுத்திக் கேட்டார்கள். நான் ஓடினேன். கதவைத் திறந்ததும் மூக்கில் அடித்தது, முனிசிபாலிட்டிக்காரன் கிணற்றில் கொட்டுகிற பிளீச்சிங் பவுடர் வாடை. கூப்பிடாமல் வெளியே வந்தால் மரியாதையில்லை என்று அந்தப் பெண் வாயில் முந்தானையை அமுக்கிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள். கண் இரண்டும் சிவந்து நீர் வழிந்தது. கையைப் பிடித்து முன்னறைக்குக் கூட்டிவந்தேன். நின்ற இடத்தில் உடம்பை வளைத்து இருமினாள். சித்தி, நோய் ஒட்டிக்கொள்ளும் என்பதுபோல் சேலையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள்.

"புள்ளைக்கு எவ்வளவு நாளா இப்படி?" என்று கேட்டாள்.

"இல்ல சித்தி, பின்னால ஏதோ வாடை அடிக்கி. எனக்கே தொண்டைய அடைக்கி."

"எங்களுக்கு ஒண்ணும் அடிக்கலையே!"

அடிக்கவில்லைதான். நடுவில் ஒரு அறையும் ஒரு கதவும் இருந்தன. இவர் கொல்லைக்கு ஓடி, காற்றாடியை நிறுத்தி, கொட்டகையைத் திறந்துவிட்டு இருமிக்கொண்டே வந்து, "பேட்டரி கோளாறு, வேற ஒண்ணுமில்ல" என்றார். பெரியப்பா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நானும் லாஞ்சுல எத்தனையோ பேட்டரி பாத்திருக்கேன் தம்பி. பேட்டரியில இப்படி வாடை வந்து யாரும் இருமுனதில்ல" என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தார்கள். முறுக்குத் தட்டு வைத்தது வைத்தபடி இருந்தது. அந்த பல்பு மட்டும் வெட்கமில்லாமல் எரிந்துகொண்டிருந்தது.

அவர்கள் போனபிறகு இவர் என்னைக் கொல்லைக்குக் கூப்பிட்டார். காலி பாட்டில் தட்டில் இருந்தது. அதன் அடியில் மிஞ்சிய துளியைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "உப்பு. உப்பு பட்டு சார்ஜ் ஏறுனா விஷப்புகை வரும்ளா" என்றார். இரண்டு பேரும் வாசலில் இருந்த குருத்தோலையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் சொன்னார்: "அம்மாக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா செத்துரும்."

மாமி அடுக்களையில் உட்கார்ந்து, "கண்ணேறுதான், வேற என்ன. நான் தீர்த்தம் ஊத்துனதுனாலதான் வெடிக்காம தப்பிச்சிது" என்று மகளின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

இரண்டொரு நாளில் வேம்பாரிலிருந்து ஆள்மூலம் சேதி வந்தது. 'புள்ளைக்கு நெஞ்சுல ஏதோ இருக்கும்போல, நல்ல டாக்டரா காட்டுங்க' என்று. காசம் என்ற வார்த்தையைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அந்த வார்த்தை ஒரு பெண்ணின் மேல் விழுந்தால் எங்கள் கரையில் எந்தத் தெருவிலும் அவளுக்குக் கல்யாணம் கிடையாது. நாத்தனார் தையல் மிஷினில் உட்கார்ந்தவள் மிதிக்காமல் அப்படியே இருந்தாள். என்னைப் பார்த்து, "மதினி, எனக்கு ஒண்ணும் இல்லதான?" என்று கேட்டாள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் யாரிடமும் சொல்லாமல் வேம்பார் பஸ் ஏறினேன். எதைச் சொல்வது என்று வழிநெடுகிலும் யோசித்தேன். உண்மையைச் சொன்னால் பெண் தப்பிப்பாள். ஆனால், பெற்ற தாயே விஷத்தை ஊற்றினாள் என்று கல்யாணத்துக்கு முன்பே சம்பந்தி வீட்டில் பேச்சாகிவிடும். சித்தி வீட்டு வாசலில் ஏறும்போதுதான் வழி தோன்றியது.

"நான்தான் சித்தி ஊத்துனேன். பாட்டில் பாட்டிலா தீர்த்தத்த பேட்டரிக்குள்ள ஊத்திட்டேன்."

சித்தி வாயைப் பிளந்தாள். உள்ளேயிருந்து மாப்பிள்ளை அண்ணன் வந்தான். "தீர்த்தமா? உப்புத் தண்ணியையா?" என்று கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்தான். "உப்புத்தண்ணி பட்டா பேட்டரியில விஷவாயு வரும்னு கப்பல்ல மொதல்ல சொல்லிக்குடுக்கதே அதுதான! அந்தப் புள்ள அதுக்குள்ளயா உக்காந்திருந்திச்சி?" என்று அம்மாவைப் பார்த்தான். சித்திக்கு முகம் சிறுத்துப்போயிற்று. பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீ சின்னப் புள்ளையிலயே இப்படித்தானளா, கோழிக்கு எண்ணெய் தேச்சிக் குளிப்பாட்டுனவ" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். நான் குனிந்துகொண்டு நின்றேன். செய்யாத முட்டாள்தனத்துக்காக அத்தனை பேர் முன்னால் நிற்பது அவ்வளவு சுலபமாக இல்லை. ஆனாலும் கல்யாணம் நிச்சயமாயிற்று.

வீட்டுக்கு வந்து இவரிடம் மட்டும் சொன்னேன். அவர் கொல்லைக்குப் போய்க் காற்றாடியை இறக்கினார். தகடுகள் கெட்டுப்போன பேட்டரிகளை மறுபடி சைக்கிளில் கட்டி, கொண்டுவந்த இடத்துக்கே கொண்டுபோனார்.

கல்யாணம் முடிந்து வேம்பாரில் மாப்பிள்ளை வீட்டு விருந்து. பந்தலில் எல்லோரும் வரிசையாக இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். எனக்குப் பக்கத்தில் மாமி, அவருக்கு அந்தப் பக்கம் இவர். கறி பரிமாறிக்கொண்டு வந்த பெரியப்பா என் இலைக்கு முன்னால் நின்று, பந்தல் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டார்: "ஏ பிள்ள, பேட்டரிக்குத் தீர்த்தம் குடுத்தியே, நன்மையும் சேத்துக் குடுத்தியா?"

நன்மை என்றால் பூசையில் சாமியார் நாக்கில் வைக்கிற அப்பம். பந்தலே சிரித்தது. தெரியாதவர்களுக்காக அவர் முதலிலிருந்து சொன்னார். தீர்த்தத்தில் உப்பு, உப்பு பட்டால் விஷவாயு, அந்தப் புகையில்தான் பெண் இருமினாள், "நாங்க காசம்னுல்ல நெனச்சி எந்திரிச்சி வந்தோம்! இந்த முட்டாள் பய புள்ளையால ஒரு நல்ல பொண்ணு வீணாப் போகப் பாத்துச்சி!"

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே பக்கத்தில் பார்த்தபோது மாமியின் கை சோற்றில் அப்படியே நின்றிருந்தது. மாமி மகனைப் பார்த்தார். இவர் இலையை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. பிறகு மாமி என்னைப் பார்த்தார். என்னால் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. எந்த வெட்கம் அவருக்கு வரக் கூடாது என்று பஸ் ஏறினேனோ, அதைப் பந்தல் நிறைய ஆட்களுக்கு நடுவில் அவர் இலையில் நானே கொண்டுவந்து வைத்திருந்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மாமி என் பக்கத்தில் உட்கார்ந்தார். வெகுதூரம் வந்தபிறகு, "மந்திரிச்ச தண்ணிதானளா..." என்று ஆரம்பித்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு பூசைக்குப் போனோம். கோயில் வாசலில் தீர்த்தத் தொட்டியில் எல்லோரும் விரலை நனைத்து நெற்றியில் வைத்துக்கொண்டு உள்ளே போனார்கள். மாமி கையை நீட்டினார். தண்ணீரில் படுவதற்கு முன்னால் இழுத்துக்கொண்டு, நனையாத விரல்களைச் சேலையில் துடைத்து, வெறுங்கையால் சிலுவை போட்டார். பின்னால் நின்ற நானும் தொட்டியைத் தொடாமல் உள்ளே போனேன்.