துளசியின் மைக்கில் நான் கேட்டது

1. பூட்டும்போது

ஒலிப்பதிவு வேலையில் பதினெட்டு வருடம் இருந்தேன். அதில் கடைசி ஏழு வருடம் ஒரே தொலைக்காட்சி நிகழ்ச்சி, சோடி சேரும் போட்டி. பத்துப் பன்னிரண்டு இளசுகளை லண்டன் ஓரம், சட்டனுக்கு அப்பால் ஒரு பெரிய வீட்டில் ஐந்து வாரம் அடைத்து வைப்பார்கள். யார் யாரோடு சேருகிறார்கள் என்று நாடே பார்த்து வாக்குப் போடும். ரெய்னர்ஸ் லேனில் இருக்கும் என் மாமியார், "உம்மட வேலையை வெளியில சொல்லாதையும் பிள்ளை" என்பார். அடுத்த நாள் அவரே வந்து, "அந்த நெடுவல் பெடியன் இப்ப ஆரோட?" என்றும் கேட்பார்.

என் பொறுப்பு ரேடியோ மைக். காலையில் ஒவ்வொருவருக்கும் சட்டைக்குள் மைக் பூட்டி, இடுப்பில் பெட்டியைச் செருகவேண்டும். மதியம் பற்றரி மாற்றவேண்டும். மற்ற நேரமெல்லாம் ஹெட்போனும் காதும்தான். போட்டியாளர்களோடு கதைக்கக்கூடாது என்பது கண்டிப்பான விதி.

துளசிக்கு இருபத்தாறு வயது. ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளராக வேலை செய்தவள். முதல் நாள் மைக் பூட்டும்போது என் கழுத்தில் தொங்கிய அட்டையில் பெயரை வாசித்துவிட்டாள்.

"அக்கா, நீங்கள் தமிழோ?"

"ஓம்" என்றேன். விதிப்படி அதையும் சொல்லியிருக்கக்கூடாது.

அன்றிலிருந்து தனியாக இருக்கும்போதெல்லாம் மைக்கோடு தமிழில் கதைப்பாள். "அக்கா, இவையின்ர சோறு இண்டைக்கும் அவியேல்ல." "அக்கா, ஜேக்குக்கு என்னில உண்மையாவே விருப்பம் போல கிடக்கு." ஜேக் அவளோடு சோடி சேர்ந்த பெடியன். நான் ஹெட்போனுக்குள் சிரிப்பேன். எல்லாம் பதிவாகிறது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அங்கே தமிழ் விளங்கிய ஆள் நான் ஒருத்திதான். அந்த நம்பிக்கையில் கதைத்தாள்.

2. கேலரியில் ஒரு கதிரை

நாலாவது வாரம், ஒரு காலை. தோட்டத்து மர வாங்கில் தனியாக இருந்து அழுதுகொண்டு சொன்னாள்.

"அக்கா, ரெண்டு வருசத்துக்கு முந்தி எனக்கு எழுத்து நடந்தது. தாலி கட்ட முதலே அவர் மாட்டன் எண்டிட்டார். டிவோர்ஸ் பேப்பரும் வந்திட்டுது. ஜேக்குக்கு இன்னும் சொல்லேல்ல. இண்டைக்குப் பின்னேரம் நானே சொல்லப்போறன். நீங்கள் ஒருதருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

எழுத்து என்றால் எங்கள் ஆட்களுக்கு விளங்கும். மண்டபம் கிடைத்து, நாள் பார்த்துத் தாலி கட்ட மாதக்கணக்காகும். அதற்கு முன்னமே பதிவாளரிடம் போய்க் கையெழுத்து வைத்துவிடுவோம். சட்டப்படி அது கலியாணம்தான். ஆனால் தாலி ஏறும்வரை பிள்ளை தாய்வீட்டில்தான் இருப்பாள், எங்கள் கண்ணில் இன்னும் கலியாணம் ஆகாதவள்.

கேலரி என்பது எல்லாத் திரைகளையும் வைத்து நிகழ்ச்சியை நடத்தும் அறை. தயாரிப்பாளர் ஹெலன், துளசி அழுவதைத் திரையில் கண்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார். அவர் ஆங்கிலத்தில் கேட்டதை என் தமிழில் எழுதுகிறேன்.

"அவள் என்ன சொன்னவள்? உன்ர பாஷைதானே. வா, இதில இரு."

அத்தனை வருடத்தில் கேலரியில் எனக்கு யாரும் கதிரை தந்ததில்லை. வயர் சுருட்டுகிறவளாக வந்து, நின்றபடியே பேசிவிட்டுப் போவேன். அன்றைக்கு ஆறு பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அது எனக்குப் பிடித்திருந்தது. "சரியாகக் கேட்கவில்லை" என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் எல்லாம் அதோடு முடிந்திருக்கும். எல்லாம் தெரிந்த பெரிய விண்ணி மாதிரி, எழுத்து என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கி முழுவதையும் விளக்கினேன். ஒரு சொல்கூடக் கூட்டவில்லை. ஒருதருக்கும் சொல்லாதேங்கோ என்று அவள் கேட்டதை மட்டும் விட்டுவிட்டேன்.

"அப்ப அவள் கலியாணம் முடிச்சவள்" என்றார் ஹெலன்.

"அப்பிடியில்லை. எழுத்து மட்டும்தான். அதுவும் இப்ப…"

"சட்டப்படி கலியாணமோ, இல்லையோ?"

"சட்டப்படி எண்டால்… ஓம்."

"அது காணும்."

மதியச் சாப்பாடு முடிய ஜேக்கைத் தனி அறைக்குக் கூப்பிட்டுத் திரையில் காட்டினார்கள். துளசி சொன்னதில் முதல் வசனம் மட்டும். கீழே ஆங்கிலத்தில், "எனக்கு ஏற்கெனவே கலியாணம் நடந்தது." மிச்சத்தை வெட்டிவிட்டார்கள். அந்தப் பெடியன் முகம் சிவந்து எழும்பினான். ஒருவரிடமும் சொல்லாமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டான்.

அந்த நேரம் துளசி தோட்டத்து வாங்கில் இருந்தாள். பின்னேரம் அவனுக்குச் சொல்லவேண்டியதை ஆங்கிலத்தில் பாடமாக்கிக்கொண்டிருந்தாள். ஓரிடத்தில் தடக்குப்பட்டு, திரும்ப முதலில் இருந்து தொடங்கினாள். எல்லாம் என் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. எழும்பிப் போய் ஒரு சொல் சொல்ல எனக்குக் கால் வரவில்லை.

3. கழற்றும்போது

சோடி இல்லாதவர் வெளியேறவேண்டும். வெளியேறுகிறவரை வாசலடியில் உட்காரவைத்து, திரையில் எல்லாம் காட்டிக் கேள்வி கேட்பார்கள். அது முடிந்தபிறகு மைக்கைக் கழற்றுவது என் வேலை.

துளசியின் கண் வீங்கியிருந்தது. நான் முதுகுப்பக்கம் நின்று வயரை இழுத்தேன். அவள் திரும்பாமலே கேட்டாள்.

"அக்கா, இவைக்கு அதைச் சொன்னது நீங்களோ?"

"சீச்சீ, நானில்லை. வெளியில ஆரிட்டயும் குடுத்து மொழிபெயர்த்திருப்பினம்."

யோசிக்காமல் வந்த பொய். அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு நம்பினாள்.

"நான் உங்களை எண்டு நினைச்சிட்டன். குறை நினையாதேங்கோ அக்கா" என்று சொல்லி என்னைக் கட்டிப்பிடித்தாள்.

என் கையில் இருந்த பெட்டியை நான் இன்னும் நிறுத்தவில்லை. அதில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. என் பொய்யும், அந்தப் பிள்ளை என்னிடம் கேட்ட மன்னிப்பும் பதிவாகியிருக்கும். அதை மொழிபெயர்க்கச் சொல்லி என்னை யாரும் கேட்கவில்லை.

அடுத்த வருடம் நான் அந்த வேலைக்குப் போகவில்லை. காரணம் கேட்டவர்களுக்கு முழங்கால் நோ என்றேன்.

இந்தத் தொழிலுக்கு வரும் எங்கள் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். அக்கா, அண்ணை என்று கூப்பிட்டு ஒருவர் சொன்னது வேலைக்குரிய சரக்கு இல்லை. மேலிடத்தில் கேட்டால், கேட்கவில்லை என்று சொல்லுங்கள். நான் அந்தப் பொய்யைக் கேலரியில் சொல்லியிருக்கவேண்டும். வாசலடியில் உண்மையைச் சொல்லியிருக்கவேண்டும். இரண்டையும் மாறிச் செய்தேன்.

துளசி, சொன்னது நான்தான்.