ஊரைப் பூட்டி வைத்தவர்

அவருக்குச் சாவிக்காரர் என்று பேர் வந்ததற்குக் காரணம், ஊரில் ஆள் குறைந்ததுதான். மழை பொய்த்த வருடம் தையல்காரர் குடும்பத்தோடு நகரத்துக்குக் கிளம்பினார். “கொஞ்சம் பாத்துக்குங்கண்ணே” என்று வீட்டுச் சாவியை இவர் கையில் கொடுத்தார். அடுத்து சின்ன மாமனார். பிறகு ஓய்வுபெற்ற கிளார்க். யார் கிளம்பினாலும் பஸ் நிற்கும் இடம்வரை இவர் பெட்டி தூக்கிப் போவார்.

“போங்க, போய்ப் பொழச்சுக்குங்க. ஊரை நான் பாத்துக்கறேன்.”

பாதி ஊர் காலியான பிறகு அவர் நடையே மாறிவிட்டது. இடுப்பில் சாவிக்கொத்து குலுங்கக் குலுங்கத் தெருவைச் சுற்றிவருவார்.

சொந்த வெங்காய வயலை மனைவி பார்த்துக்கொண்டாள். இவருக்குத்தான் மேற்பார்வை தலைக்கு மேல் கிடந்ததே. சவரம் தையல்காரர் வீட்டு நிலைக்கண்ணாடியில். வெங்காயம் காய்வது சின்ன மாமனார் வீட்டுக் கூடத்தில். மத்தியானத் தூக்கம் கிளார்க் வீட்டுக் கட்டிலில், ஃபேனுக்குக் கீழே.

“அடுத்தவங்க வீட்ல என்ன தூக்கம்?” என்றாள் மனைவி.

“ஆள் புழங்கலைன்னா வீடு பாழாப் போயிடும்டி.”

“அப்ப நம்ம வயலு?”

அவர் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு அடுத்த வீட்டைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்.

ஒரு மத்தியானம் காற்றடித்துக் கிளார்க் வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது. சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் புது மாதிரிப் பூட்டு. உள்ளேயிருந்து திறக்கவும் சாவி வேண்டும். சாவிக்கொத்தோ வெளிப்பக்கம் பூட்டிலேயே தொங்கியது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார். எதிர்வீடு பூட்டு, பக்கத்து வீடு பூட்டு. எல்லாம் அவரே இழுத்துப் பார்த்துப் பூட்டியவை. ஓர் எருமை மட்டும் வந்து நின்று, முழுசாகக் கேட்டுவிட்டுப் போனது. வயலிலிருந்து திரும்பிய மனைவி, மேற்பார்வை நீள்கிறது போலும் என்று நிம்மதியாகச் சாப்பிட்டுப் படுத்துவிட்டாள்.

காலையில் பால்காரர்தான் திறந்துவிட்டார்.

“உள்ள எப்படிண்ணே மாட்டுனீங்க?”

“காவலுக்குப் படுத்தேன்.”

பால் சொசைட்டிக்குப் போய்ச் சேர்வதற்குள் சேதி நகரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர்கள் மொத்தமாக வந்திறங்கினார்கள். ரொம்ப நாள் கழித்துத் தெருவில் பிள்ளைகள் ஓடின. கூடத்து வெங்காயச் சருகைப் பார்த்த சின்ன மாமனார், “மாப்பிள்ளை, இது வீடா, மண்டியா?” என்றார். கிளார்க் தலையணையை முகர்ந்து பார்த்தார். அதைக் கொண்டுபோய் வாசலுக்கு வெளியே போட்டார்.

சாயங்கால பஸ்ஸில் சாவிகளோடு அத்தனை பேரும் திரும்பினார்கள். பெட்டி தூக்க இவர் போகவில்லை. இடுப்பைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு வீட்டோடு கிடந்தார்.

அடுத்த வாரம் பெருமழை. கிளார்க் போன் செய்தார்.

“கூரை ஒழுகும், கட்டிலைக் கொஞ்சம் நகத்திப் போடுங்களேன்.”

“எப்படிங்க? சாவி உங்ககிட்டல்ல இருக்கு.”

போனை வைத்தபோது முகம் மலர்ந்திருந்தது. ஈர முந்தானையோடு மனைவி வந்து நின்றாள்.

“சிரிச்சது போதும். வாய்க்கால் ஒடைஞ்சு வெங்காயம் மெதக்குது. மம்பட்டிய எடுங்க.”

எடுத்துக்கொண்டு கிளம்பினார். எந்த வரப்பில் திரும்ப வேண்டும் என்று அவளைக் கேட்டுக்கொண்டே போனார்.